சுற்றிச் சுற்றி வரும் 142857

22ஐ 7ஆல் வகுத்துப் பாருங்கள். வட்டத்தின் பரப்பளவு கண்டுபிடிக்கப் பள்ளியில் எத்தனையோ தடவை எழுதிய அதே 22/7தான். கால்குலேட்டர் 3.142857142857 என்று திரை நிரம்பும்வரை காட்டும். முதலில் வரும் 3.14 வரைதான் அதற்கும் பை என்ற எண்ணுக்கும் உறவு. பை அதற்கப்புறம் 3.14159 என்று தன் வழியே போய்விடுகிறது. அதன் இலக்கங்கள் ஒரே தொகுதியாகத் திரும்பத் திரும்ப வரவே முடியாது என்பதை 1761இல் லாம்பெர்ட் என்ற கணிதர் நிறுவினார். 22/7இன் கதை நேர் எதிர். 142857 என்ற ஆறு இலக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, காலத்துக்கும் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

பை அது பாட்டுக்குப் போகட்டும். நமக்கு வேண்டியது இந்த ஆறு இலக்கங்கள். இவற்றை ஒரு முழு எண்ணாக எடுத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று பெருக்கிப் பார்ப்போம்.

142857 × 1 = 142857
142857 × 2 = 285714
142857 × 3 = 428571
142857 × 4 = 571428
142857 × 5 = 714285
142857 × 6 = 857142

ஆறு விடைகளிலும் அதே ஆறு இலக்கங்கள். அதுவும் கலைத்துப் போட்டதுபோல இல்லை. வரிசை மாறவே இல்லை. 1, 4, 2, 8, 5, 7 ஆகிய இலக்கங்களை ஒரு வட்டத்தைச் சுற்றி எழுதிவைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் வேறொரு இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தால் இந்த ஆறு விடைகளும் கிடைத்துவிடும். இப்படிச் சுழலும் எண்ணைச் சுழல் எண் என்று சொல்லலாம்.

ஏழால் பெருக்கினால்? இந்த முறை சுழற்சி இல்லை. 999999 வந்து நிற்கிறது.

இந்த எண்ணை முதன்முதலில் பார்க்கிறவர்கள் இதை ‘மாய எண்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. காரணம் தெரிந்துகொள்ள உயர் கணிதம் எதுவும் வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் போட்ட நீள் வகுத்தல் போதும். காரணம் தெரிந்த பிறகுதான் இது இன்னும் அழகாகத் தெரிகிறது என்பது என் கட்சி.

1ஐ 7ஆல் வகுக்கத் தொடங்குவோம். ஒன்றில் ஏழு போகாது. பூச்சியமும் புள்ளியும் வைத்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு பூச்சியம் சேர்த்துப் பத்தாக்குகிறோம். பத்தில் ஏழு ஒரு தடவை; மீதி 3. அந்த 3 முப்பதாகிறது. அதில் ஏழு நான்கு தடவை, மீதி 2. இருபதில் இரண்டு தடவை, மீதி 6. அறுபதில் எட்டு தடவை, மீதி 4. நாற்பதில் ஐந்து தடவை, மீதி 5. ஐம்பதில் ஏழு தடவை, மீதி 1.

இங்கே நிறுத்துங்கள். மீதி 1 வந்துவிட்டது. நாம் தொடங்கியதும் 1இல்தான். இனிமேல் செய்யப்போகும் ஒவ்வொரு படியும் ஏற்கெனவே செய்ததன் மறுபதிப்பு. வகுத்தலில் அடுத்த இலக்கம் என்ன என்பதைக் கையில் இருக்கும் மீதி மட்டுமே தீர்மானிக்கிறது. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்ற நினைவு அதற்குக் கிடையாது. ஆகவே ஒரு மீதி இரண்டாம் முறை தலைகாட்டிவிட்டால், அதன் பின்னால் பழைய வரிசை அப்படியே திரும்பி வந்தாக வேண்டும்.

ஏழால் வகுக்கும்போது வரக்கூடிய மீதிகள் 0 முதல் 6 வரை மட்டும். பூச்சியம் வந்தால் வகுத்தல் முடிந்துவிடும்; 1/8 = 0.125 என்று முடிவது அப்படித்தான். ஏழில் அது நடக்காது, ஏனென்றால் 10, 100, 1000 என எந்தப் பத்தின் அடுக்கும் ஏழால் மீதியின்றி வகுபடாது. மிஞ்சுவது ஆறே மீதிகள். ஆகவே ஆறு படிகளுக்குள் ஏதாவது ஒன்று திரும்ப வந்தே தீரும். ஏழின் விசேஷம் என்னவென்றால், அந்த ஆறையும் ஒன்றுவிடாமல் தொட்டுவிட்டுத்தான் அது தொடங்கிய இடத்துக்குத் திரும்புகிறது. மீதிகளின் வரிசையை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், இனி அடிக்கடி தேவைப்படும்: 1, 3, 2, 6, 4, 5, மறுபடி 1.

இப்போது சுழற்சிக்குக் காரணம் தானாகவே வெளியே வந்துவிடும். 3ஐ 7ஆல் வகுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1ஐ வகுத்துக்கொண்டு போனபோது நடுவழியில் 3 என்ற மீதி வந்ததல்லவா? அந்த இடத்திலிருந்து அதே வேலையைத் தொடர்வதுதான் 3/7. ஆகவே அது 4இல் தொடங்கி 428571 என்று ஓடும். 2/7 அதற்கடுத்த படியில் ஏறிக்கொள்கிறது: 285714. ஒரே வட்டப்பாதையில் ஓடும் ஒரே பேருந்து; ஆறு பயணிகள் ஆறு நிறுத்தங்களில் ஏறுகிறார்கள், அவ்வளவுதான். 142857ஐ மூன்றால் பெருக்குவதும் 1/7ஐ மூன்றால் பெருக்குவதும் ஒன்றே என்பதால் முழு எண்ணும் அதேபோலச் சுழல்கிறது. ஏழால் பெருக்கினால் 7/7, அதாவது 1 வர வேண்டும். தசமத்தில் 0.999999... என்பதும் 1தான் என்பது தெரிந்தவர்களுக்கு அந்த ஒன்பது வரிசை எங்கிருந்து வந்தது என்று விளக்கத் தேவையில்லை.

இதிலிருந்து சின்னதாக ஒரு வித்தையும் கிடைக்கிறது. 5/7இன் தசமத்தை மனக்கணக்காகச் சொல்ல வேண்டுமா? ஆறு இலக்கங்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள்: 1, 2, 4, 5, 7, 8. ஐந்தாவதாக இருப்பது 7. ஆகவே 5/7 ஏழில் தொடங்கும்: 0.714285... பெரிய பின்னம் பெரிய இலக்கத்தில்தான் தொடங்க முடியும் என்பதால் இது ஒருபோதும் தவறாது.

ஏழைத் தாண்டிப் பெருக்கினால் சுழற்சி காணாமல் போனதுபோலத் தோன்றும். 142857 × 8 = 1142856. ஏழு இலக்கங்கள் வந்துவிட்டன, ஒழுங்கும் கெட்டுவிட்டது. ஆனால் வலதுபக்கத்து ஆறு இலக்கங்களைத் தனியாக வெட்டி, இடதுபுறம் மிஞ்சியதை அதனுடன் கூட்டிப் பாருங்கள்: 1 + 142856 = 142857. பழையபடி வந்துவிட்டது. இன்னும் பெரிய எண்ணாக, 123ஆல் பெருக்குவோம். விடை 17571411. வெட்டிக் கூட்டினால் 17 + 571411 = 571428. சுழற்சிகளில் நான்காவது இது.

ஏன் நான்காவது? இந்தக் கேள்விக்கான பதில்தான் முழு விஷயத்திலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 17571411 என்பதில் 17 பத்து லட்சங்களும் ஒரு 571411உம் இருக்கின்றன. இடதுபக்கத்து 17ஐ வெட்டி எடுத்துச் சாதாரண 17ஆகக் கூட்டும்போது, ஒவ்வொரு பத்து லட்சத்தையும் 1ஆகச் சுருக்கிவிடுகிறோம். அதாவது ஒவ்வொன்றிலிருந்தும் 999999ஐத் தூக்கிப் போடுகிறோம். அந்த 999999 யார்? ஏழு 142857கள். ஆகவே 17 தடவை ஏழேழாக, மொத்தம் 119 பிரதிகளை எறிந்துவிட்டோம். முதலில் கையில் இருந்தவை 123 பிரதிகள். 123இல் 119 போக 4. மிஞ்சியது நான்கு பிரதி, அதாவது 571428.

எனவே, வெட்டிக் கூட்டுவது என்பது பெருக்கிய எண்ணை ஏழால் வகுத்து மீதி பார்க்கும் வேலைதான், வேறு வேடத்தில். மீதி 1 வந்தால் முதல் சுழற்சி, 2 வந்தால் இரண்டாவது. மீதி வராவிட்டால் 999999. வெட்டிக் கூட்டிய பிறகும் ஆறு இலக்கத்துக்கு மேல் இருந்தால் இன்னொரு முறை வெட்டிக் கூட்ட வேண்டும், அவ்வளவே.

இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு 142857ஐ அதே எண்ணால் பெருக்கிப் பாருங்கள். வர்க்கம் 20408122449. வெட்டுவோம்: 20408, 122449. கூட்டினால்?

20408 + 122449 = 142857.

தன்னையே திருப்பித் தந்துவிட்டது. தனியாகப் பார்த்தால் இது புதிய அதிசயம். நம் விதிப்படி பார்த்தால் வந்தே ஆக வேண்டிய விடை. 142857ஐ ஏழால் வகுத்தால் ஈவு 20408, மீதி 1. அந்த 1தான் நம்மை முதல் சுழற்சிக்குக் கூட்டிவந்தது. வெட்டிய இடதுபாதியில் நின்ற எண்ணும் அதே 20408 என்பதைக் கவனித்தீர்களா? கனத்தையும் விட்டுவைக்க வேண்டாம். 142857இன் கனம் 2915443148696793. ஆறாறாக வெட்டினால் 2915, 443148, 696793. மூன்றையும் கூட்டினால் 1142856. மறுபடி வெட்டிக் கூட்டினால் 142857. மீதி ஒன்றை எத்தனை முறை பெருக்கினாலும் ஒன்றுதானே.

வர்க்கத்தை இரண்டாக வெட்டிக் கூட்டும்போது தன்னையே தரும் எண்களுக்குக் காப்ரேகர் எண்கள் என்று பெயர். 45 இதற்குச் சின்ன உதாரணம்: 45இன் வர்க்கம் 2025, 20 + 25 = 45. மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர் (1905–1986) இப்படிப்பட்ட எண் விளையாட்டுகளிலேயே வாழ்நாளைக் கழித்தவர். தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கு, மகிழ்ச்சி தருவது என்ற பொருளில், ஹர்ஷத் எண்கள் என்று பெயரிட்டவரும் அவர்தான். 142857 அந்தக் கூட்டத்திலும் சேர்ந்துவிடுகிறது. இலக்கங்களைக் கூட்டினால் 27. 142857ஐ 27ஆல் வகுத்தால் 5291, மீதி இல்லை. சுழற்றிக் கிடைக்கும் மற்ற ஐந்து எண்களுக்கும் இலக்கங்களின் கூட்டுத்தொகை அதே 27. அவை எல்லாம் 142857இன் மடங்குகளும்கூட. ஆக ஆறுமே ஹர்ஷத் எண்கள்.

அப்புறம், எண்ணைச் சரிபாதியாக உடைத்துக் கூட்டிப் பாருங்கள். 142 + 857 = 999. இதற்கும் காரணம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. மீதிகளின் வரிசையில் 1இலிருந்து மூன்று படி தள்ளி 6 நிற்கிறது. அதனால்தான் 6/7 என்பது பாதிகளை இடம் மாற்றிய 857142. ஏழில் ஒரு பங்கும் ஏழில் ஆறு பங்கும் சேர்ந்தால் முழு ஒன்று, அதாவது 0.999999... ஆகவே ஒவ்வோர் இடத்திலும் இரண்டு இலக்கங்கள் சேர்ந்து ஒன்பது ஆக வேண்டும்: ஒன்றும் எட்டும், நான்கும் ஐந்தும், இரண்டும் ஏழும். பகா எண்ணால் 1ஐ வகுக்கும்போது வரும் சுழற்சியின் நீளம் இரட்டை எண்ணாக இருந்தால் பாதிகள் எப்போதும் இப்படித்தான் ஒன்பதுகளாகச் சேரும் என்பதை மிடி என்ற பிரெஞ்சுக்காரர் 1836இல் காட்டினார். இரண்டிரண்டாக உடைத்தாலும் 14 + 28 + 57 = 99 வருகிறது.

அந்த 14, 28, 57ஐ இன்னொரு முறை பாருங்கள். 14இன் இரு மடங்கு 28. 28இன் இரு மடங்கு 56, ஆனால் இங்கே 57 இருக்கிறது. ஏதோ ஒரு விரலிடை தப்பிவிட்டதுபோல. உண்மையில் தப்பவில்லை. இரட்டிப்பு 56க்கு அப்புறம் 112ஆகிறது. 112க்கு இரண்டு இடம் போதாமல் அதன் தலைப்பக்கத்து 1 முன்னால் இருக்கும் 56இன் மேல் ஏறிக்கொள்கிறது. 56, 57ஆகிவிடுகிறது. மிச்சமிருக்கும் 12இன் மேல் அடுத்த இரட்டிப்பான 224இன் 2 ஏறி, அது 14ஆகிறது. மறுபடி 14! ஏழு பதினான்கு 98, நூறுக்கு இரண்டு குறைவு. அந்த இரண்டுதான் ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாக வந்து உட்காருகிறது.

சரி, இது ஏழுக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டமா? 13ஐ எடுத்துப் பார்ப்போம். 1/13 = 0.076923..., இங்கேயும் ஆறு இலக்கங்கள். 3/13 = 0.230769..., சுழல்கிறது. 4/13 = 0.307692..., அதுவும் சரி. ஆனால் 2/13 = 0.153846... இது வேறு ஆள். 13ஆல் வகுக்கும்போது பன்னிரண்டு மீதிகள் வரலாம். 1இலிருந்து கிளம்பும் பேருந்து அவற்றில் ஆறை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. மற்ற ஆறுக்கும் தனியாக இன்னொரு பேருந்து. 11இன் நிலைமை இன்னும் மோசம்: பத்து மீதிகள் இருந்தும் ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டே நிறுத்தங்கள், 1/11 = 0.0909...

17 ஏமாற்றவில்லை. 1/17 = 0.0588235294117647..., பதினாறு இலக்கங்கள், பதினாறு மீதிகள், ஒரே வட்டம். 0588235294117647ஐ இரண்டால் பெருக்கினால் 1176470588235294. 16 வரை எதனால் பெருக்கினாலும் சுழன்றுகொண்டே இருக்கும். முன்னால் நிற்கும் அந்தப் பூச்சியத்தை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு இடறும். பத்துக்கு மேற்பட்ட எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் 1/10ஐவிடச் சிறிய பின்னம்தான் கிடைக்கும் என்பதால், அவை எல்லாவற்றுக்கும் தலையில் பூச்சியம் கட்டாயம். பத்துக்குக் கீழே முழு வட்டமும் சுற்றுவது ஏழு ஒன்றுதான். ஆகவே தலையில் பூச்சியம் இல்லாமல் இப்படிச் சுழலும் பல இலக்க எண், நம் பதின்ம முறையில், 142857 மட்டுமே.

‘நம் பதின்ம முறையில்’ என்று சொன்னது சும்மா இல்லை. மேலே செய்த ஒவ்வொரு படியிலும் மீதிக்குப் பக்கத்தில் பூச்சியம் சேர்த்தோம். அது பத்தால் பெருக்குவது. எட்டை அடிமானமாக வைத்து, அதாவது பத்துப் பத்தாக அல்லாமல் எட்டெட்டாக, எண்ணுகிறவர்களாக இருந்திருந்தால் எட்டால் பெருக்கியிருப்போம். எட்டை ஏழால் வகுத்தால் மீதி 1. முதல் படியிலேயே தொடங்கிய இடத்துக்கு வந்துவிடுவோம். அங்கே 1/7 என்பது வெறும் 0.1111... சுழற்ற எதுவும் இல்லை. பன்னிரண்டை அடிமானமாக வைத்தால் ஏழு மறுபடி ஆறு மீதிகளையும் சுற்றி வருகிறது, ஆனால் இலக்கங்கள் வேறு. 142857இன் அழகில் ஏழுக்கு எவ்வளவு பங்கோ, பத்துக்கும் அவ்வளவு பங்கு.

பதின்ம முறையில் இப்படி முழு வட்டம் சுற்றும் பகா எண்கள் நூறுக்குள் ஒன்பது: 7, 17, 19, 23, 29, 47, 59, 61, 97. நூறுக்குள் இருக்கும் பகா எண்கள் மொத்தம் 25. மூன்றில் ஒன்றுக்குச் சற்று அதிகம். ஒரு பகா எண்ணைப் பார்த்தவுடன் அது இந்த வரிசையில் சேருமா என்று சொல்ல எளிய சூத்திரம் எதுவும் கிடையாது. வகுத்துத்தான் பார்க்க வேண்டும், அல்லது அதற்கு ஈடான கணக்கு ஏதாவது போட வேண்டும். கணிதமேதை கவுஸ் 1801இல் வெளியிட்ட எண் கணித நூலிலேயே சுழல் தசமங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். 1927இல் எமில் ஆர்டின் ஓர் ஊகத்தை முன்வைத்தார்: இத்தகைய பகா எண்கள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும், பகா எண்கள் அனைத்திலும் ஏறத்தாழ 37.4 சதவீதம் இந்த வகையாக இருக்கும். 1967இல் ஹூலி இதை நிறுவினார், ஆனால் ஒரு நிபந்தனையோடு: பகா எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதோடு தொடர்புடைய, பொதுமைப்படுத்திய ரீமான் கருதுகோள் உண்மை என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கருதுகோளோ இன்னும் நிறுவப்படாமல் நிற்கிறது.

நிபந்தனை இல்லாமல் என்ன தெரியும்? 1986இல் ஹீத்-பிரவுன் செய்த வேலையிலிருந்து விசித்திரமான ஒரு முடிவு கிடைத்தது. 2, 3, 5 ஆகிய மூன்று அடிமானங்களில் ஏதாவது ஒன்றிலாவது இப்படி முழு வட்டம் சுற்றும் பகா எண்கள் முடிவின்றி இருக்கின்றன. எந்த ஒன்று என்று கேட்டால் பதில் இல்லை. பத்துக்கும் அதே நிலைதான். 97க்கு அப்புறம் 109, 113, 131, 149 என்று பட்டியல் நீள்கிறது. கணினியை ஓடவிட்டால் நீண்டுகொண்டே போகிறது. அது ஓரிடத்தில் நின்றுவிடாது என்பதற்கு நிபந்தனையற்ற நிரூபணம் இன்னும் வரவில்லை.